நாற்பத்தோரு வீட்டு மாவு

ஹைஃபா
11 ஏப்ரல் 1961

அன்புள்ள வர்தா அக்காவுக்கு,

உயிர்ப்புப் பெருநாள் வாழ்த்துகள். இங்கே நான் நலம். ஒரு பல் மட்டும் ஆடுகிறது, மற்றவையெல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஜிரியஸ் அத்தானுக்கு இருமல் நின்றதா? உங்கள் சிலி நாட்டில் இப்போது குளிர் தொடங்கியிருக்குமே, பொத்தான் கடைக்கு அடுப்பு வாங்கினீர்களா?

மாடியைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீங்கள் விட்டுப் போனபடி பூட்டித்தான் இருக்கிறது.

இந்த வருடம் நான் பெரிய மனிதனாகிவிட்டேன். நாற்பத்தோரு வீட்டு மாவும் ரவையும் என் பெயரில் ஒரு வாரம் இருந்தன. தெருவிலுள்ள யூதர்களுக்குப் புளிப்பில்லா அப்பப் பண்டிகை வந்தால் ரொட்டி, மாவு, பிஸ்கட் எதுவும் அவர்களுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். தூக்கிப் போடவும் மனம் வராது. யூதரல்லாத ஒருவனுக்கு மொத்தமாக விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வழக்கமாக வாங்குகிற கரிக்கடைத் தன்னூஸ் பிப்ரவரியில் காலமானார். அதனால் பிரார்த்தனைக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மெனாஷே என்னிடம் வந்தார்.

"எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க மித்ரி. வாங்கிட்டு சும்மா இருக்கற ஆளு நீங்கன்னு."

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த நற்பெயர் இது. மூக்குக்கண்ணாடிக் கடையில் முப்பது வருடம் கண்ணாடி தேய்த்ததற்குக்கூட யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. கையெழுத்துப் போட்டேன். சரக்கு இருக்கும் அலமாரியும் அது நிற்கும் இடமும் அந்த வாரம் எனக்கு வாடகைக்கு என்று பத்திரம் சொல்கிறது. எப்போது வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொள்ளலாம். யாரும் போவதில்லை.

பண்டிகைக்கு முதல் நாள் ஒரு பெண் என் வாசலுக்கு வந்தாள். பெயர் மார்செல். பாக்தாத்காரி, கணவன் இல்லை, ஹோட்டல்களுக்குத் தலையணை உறை தைக்கிறாள். நம் தெருவில் ஒரு வீட்டில் பத்து வருடமாக இருக்கிறாள். இதுவரை தலையசைத்ததோடு சரி.

"நீங்க எப்ப வேணும்னாலும் வரலாம்னு பத்திரத்துல போட்டிருக்கு. அதனால பகல்ல கதவைத் தாழ் போடமாட்டேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் எங்க வரப்போறேன்?"

"வரவே மாட்டேங்கறவருக்கு வித்தா, அது வித்ததாகுமா?"

மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் போனேன். அலமாரிக்கு முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் குறுக்கே கட்டியிருந்தாள். உள்ளே என் இடம், வெளியே அவள் இடம். உள்ளே ஒரு முக்காலிகூடப் போட்டிருந்தாள். நான் அலமாரியிலிருந்த என் பேரீச்சம்பழப் பிஸ்கட்டைத் தின்றேன், அவள் அந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கினாள். விரிப்புக்குக் கீழே எங்கள் கால்கள் மட்டும் ஒன்றுக்கொன்று தெரிந்தன.

"நாப்பத்தோரு வீட்டுக்காரர் கால் உறையில இவ்வளவு பெரிய ஓட்டையா?" என்றாள்.

அவளுக்கு மாவு ஆகாது. தவக்காலம் என்பதால் எனக்கு முட்டையும் பாலும் ஆகாது. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது வெறும் தேநீர்தான். மூன்று குவளை குடித்தோம். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டபோது என் சமையலறை எவ்வளவு அமைதியானது என்று எனக்குத் தெரிந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி,
மித்ரி

~

பூந்தா அரெனாஸ்
19 மே 1961

அன்புத் தம்பி மித்ரிக்கு,

உன் பல் விழுவதற்குள் இந்தக் கடிதம் வந்து சேரட்டும். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இந்தக் காற்றில் நேராக நடக்கிற மனிதன் யாரும் இந்த ஊரில் இல்லை, நான் மட்டும் நொண்டுவதாக எவருக்கும் தெரியாது. அத்தான் உனக்கு சலாம் சொன்னார். இருமல் இப்போது இல்லை.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்று பக்கம் பிஸ்கட்டைப் பற்றி. தவக்காலத்தில் ஒரு பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட் தின்றவனை நம் பாதிரியார் என்ன சொல்லுவார் என்று கேட்டாயா?

உனக்கு வீட்டில் பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நாசரேத்தில் அஃபீஃபா இருக்கிறாள். ஞாபகம் இருக்கிறதா, கணவனை இழந்தவள், எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறாள். அவளிடம் மூன்று அலமாரி இருக்கிறது. அவளுக்கு எழுதட்டுமா? இல்லையென்றால் இங்கே கிளம்பி வா. கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. நேற்று விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அரபியில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு அடுப்பைத் திட்டினேன், வாய்க்கு ருசியாக இருந்தது.

மாவை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் அல்லவா?

உன் அக்கா,
வர்தா

~

ஹைஃபா
25 ஜூன் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே விழைகிறேன். பல் விழுந்துவிட்டது, உன் கடிதம் இரண்டு நாள் தாமதம். அஃபீஃபாவுக்கு எழுத வேண்டாம். மூன்று அலமாரி உள்ளவளுக்கு நான் எதற்கு?

ஒன்று கேட்கிறேன். நாள் முழுக்க அரபி பேசவில்லை என்கிறாயே, அத்தானோடு எந்த மொழியில் பேசுகிறாய்?

மாவைத் திருப்பிக் கொடுத்தேன். நாற்பது வீட்டு மாவை. பண்டிகை முடிந்த மாலை மெனாஷே காகிதத்தோடு வந்தார்.

"நாப்பது வீட்டுது தர்றேன். ஒண்ணு தரமாட்டேன்," என்றேன்.

"எது?"

"மார்செல் வீட்டு அலமாரி."

"அதுல அப்படி என்ன இருக்கு?"

"ரவை."

மெனாஷே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இருவது வருஷத்துல திருப்பித் தரமாட்டேன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ரப்பிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவர்களுடைய மதகுரு ரப்பி இரண்டு நாள் புத்தகம் புரட்டினாராம். கட்டாயப்படுத்தித் திரும்ப வாங்கினால், விற்றதே பொய் என்றாகிவிடும். விற்றது பொய் என்றால் நாற்பத்தோரு வீடும் பண்டிகையில் பாவம் செய்ததாக ஆகிவிடும். அதனால் மித்ரி தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் பிடிவாதம்தான் இப்போது தெருவின் பக்திக்குச் சாட்சி. கூடத்துக்குப் போகிறவர்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

மார்செல் வாசலில் நின்று கேட்டாள்.

"என் ரவையை வெச்சுகிட்டு என்ன பண்ணப்போறீங்க?"

"உங்க ரவை இல்ல. என் ரவை."

"சரி. உங்க ரவையில பூச்சி வரும். வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து நீங்களே வெயில்ல வையுங்க. அது என் வேலை இல்ல."

வியாழன் தோறும் போகிறேன். ரவையைத் தாம்பாளத்தில் பரப்பி ஜன்னலில் வைக்கிறேன். அது காய்கிறவரை அவள் தைக்கிறாள், நான் அவள் ஊசிக்கு நூல் கோத்துத் தருகிறேன். அவளுக்குக் கிட்டப் பார்வை மங்கல், கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால் கேட்பதில்லை. பிறகு ரவையை உள்ளே வைத்து அலமாரியை மூடுவேன். இடது கதவு சுலபத்தில் மூடாது, முழங்காலால் சற்றே தூக்கி அழுத்த வேண்டும். அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். வெள்ளி முதல் புதன்வரை எனக்கு ஆறு நாள். அந்த ஆறும் நீளமானவை.

அத்தானை ஒரு வரியாவது எழுதச் சொல்.

தம்பி,
மித்ரி

~

பூந்தா அரெனாஸ்
2 ஆகஸ்ட் 1961

மித்ரி,

முழங்காலால் தூக்கி அழுத்தினால் மூடுகிற இடது கதவு உலகத்தில் ஒரே அலமாரிக்குத்தான் உண்டு. அத்தானுடைய தம்பி எங்கள் கல்யாணத்துக்குச் செய்து கொடுத்த அலமாரி அது. மரம் காயுமுன் கதவைப் பொருத்திவிட்டான். பதினோரு வருடம் தினமும் நான் அதை முழங்காலால் மூடினேன். இப்போது வலிப்பது அதே முழங்கால்தான்.

அவள் இருப்பது தெருவில் ஏதோ ஒரு வீட்டில் இல்லை. உன் தலைக்கு மேலே, என் மாடியில், என் சமையலறையில். பத்து வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் பூட்டித்தான் இருக்கிறது என்று எழுதினாயே. நானும் ஒவ்வொரு இரவும் அந்த வீட்டைக் கற்பனையில் பெருக்கி, ஜன்னலைத் திறந்துவிட்டுத் தூங்கினேன்.

பதில் எழுதாதே.

வர்தா

~

ஹைஃபா
3 செப்டம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். அடிக்க ஆள் பக்கத்தில் இல்லாததால் வந்த தைரியம்.

நாற்பத்தெட்டுச் சண்டையில் நீங்கள் படகேறிப் போன பின் மூன்று வருடம் மாடி பூட்டியிருந்தது உண்மை. ஐம்பத்தொன்றில் அரசாங்கத்து ஆள்கள் பூட்டை உடைத்து, பாக்தாத்திலிருந்து வந்த ஒரு விதவையையும் அவள் பையனையும் அங்கே வைத்தார்கள். அவர்களிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'பூட்டித்தான் இருக்கிறது' என்றுதான் கை எழுதியது. அதன் பிறகு மாற்ற முடியவில்லை. பத்து வருடம் அவளோடு பேசாமல் இருந்ததும் அதனால்தான். நாற்பத்தோரு வீட்டுப் பட்டியலில் அந்த அலமாரியைப் பார்த்தபோது, ஒரு வாரமாவது நம் கைக்கு வருகிறதே என்றுதான் கையெழுத்திட்டேன். ரவைக்காக இல்லை.

போன வியாழன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது என் அக்காவின் வீடு என்றேன். அவள் தையலை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"நீங்கதான். மொத நாள் வந்தப்பவே. ஏழாவது படி உடைஞ்சிருக்கு. புதுசா வர்ற எல்லாரும் அதுல தடுக்குவாங்க. நீங்க கீழயே பாக்காம தாண்டி ஏறி வந்தீங்க. ஆயிரம் தடவை ஏறினவர் காலுன்னு புரிஞ்சுபோச்சு."

"ஏன் கேக்கல?"

"கேட்டு என்ன செய்ய? பாக்தாத்துல எங்க வீட்டு மொட்டைமாடியில இப்ப யாரோ துணி காயப்போடறாங்க. நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?" நூலைப் பல்லால் கடித்தாள். "உங்க அக்கா வந்தாங்கன்னா நான் எழுந்து நின்னுடுவேன் மித்ரி. எங்க போறதுன்னு தெரியாது. ஆனா எழுந்து நின்னுடுவேன்."

அக்கா, நேராகச் சொல்லிவிடுகிறேன். அவள்மேல் எனக்கு ஆசை. இந்த வயதில் இந்த வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு வார்த்தை இல்லை. அவளைக் கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு வியாழனும் வாய்வரை வருகிறது. ஆனால் உன் சமையலறையில் நின்றுகொண்டு, உனக்குத் தெரியாமல் அதைக் கேட்க மாட்டேன். நீ சரி என்று எழுதினால் கேட்பேன். வேண்டாம் என்றால் ரவையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அத்தானுக்கு என்மேல் கோபமா?

தம்பி,
மித்ரி

~

ஹைஃபா
20 நவம்பர் 1961

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதினோரு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரனைப் பார்த்து நான் வாசலுக்கு வந்தால் அவன் இப்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறான்.

மார்செலின் மகன் ஹெஸ்கல் வந்திருந்தான். இருபத்தாறு வயது, பீர்ஷெபாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஜன்னலில் நான் ரவை பரப்பிக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்துவிட்டான்.

"இந்த ஆளு இங்க என்ன பண்றாரு?"

"அவர் ரவைக்கு வெயில் காட்டறார்," என்றாள் மார்செல்.

"தெருவே சிரிக்குதும்மா."

"சிரிக்கட்டும். இந்தத் தெரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

ஆனால் அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு அங்கே அரசாங்கக் குடியிருப்பில் வீடு கிடைத்திருக்கிறது. அடுத்த பண்டிகைக்குள் அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ரவையைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பண்டிகை ஏப்ரலில் வருகிறது.

மித்ரி

~

ஹைஃபா
7 ஜனவரி 1962

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறந்தார். நம் சபையின் பழைய நாட்காட்டிப்படி இன்றுதானே பண்டிகை, கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். பூசை முடிந்து எல்லோரும் எல்லோருடைய வீட்டுக்கும் போனார்கள், நான் என் வீட்டுக்கு வந்தேன். கோழி வாங்கவில்லை. ஒருவனுக்காக ஒரு கோழியைக் கொல்வது அதிகம் என்று தோன்றியது.

மேலே சாமான் நகர்த்தும் சத்தம் கேட்கிறது. தையல் இயந்திரத்துக்குப் பெட்டி செய்ய ஆள் வந்துபோனான். நேற்று அவள் கேட்டாள், "உங்க அக்கா இன்னும் எழுதலையா?" இல்லை என்றேன். "எனக்காக நீங்க அவங்களை இழக்க வேண்டாம்," என்றாள்.

நீ சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதவில்லை என்றாலும் போகிறது. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் எழுது. உன்னால் முடியாவிட்டால் அத்தானை எழுதச் சொல்.

மித்ரி

~

பூந்தா அரெனாஸ்
10 பிப்ரவரி 1962

என் தம்பி மித்ரிக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். அத்தானை எழுதச் சொன்னாய். அவர் எழுத மாட்டார். அவர் இறந்து இரண்டரை வருடம் ஆகிறது. ஐம்பத்தொன்பது ஆகஸ்டில், இருமி இருமி, கடையை மூடிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

உனக்கு எழுத உட்கார்ந்தேன். 'அத்தான் நலம்' என்றுதான் கை எழுதியது. நீ தனியாக அங்கே இருந்துகொண்டு எனக்காகவும் அழுவாயே என்று நினைத்தேன். அதன் பிறகு அவருடைய சலாமை ஒவ்வொரு கடிதத்திலும் நானே எழுதினேன். எந்த மொழியில் பேசுகிறாய் என்று நீ கேட்டபோது மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. பொய்யனைத் திட்ட இன்னொரு பொய்யன் வாயைவிட நல்ல வாய் கிடையாது.

ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. அவரை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். நம் ஊராக இருந்தால் அண்டை வீட்டார் பானையோடு நின்றிருப்பார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று இங்கே எவருக்கும் தெரியாது. இங்குள்ளவர்கள் நல்லவர்கள், பூ கொண்டுவந்தார்கள். பசித்தது. நானே எழுந்து அடுப்பை மூட்டி, பருப்பு வேகவைத்து, நின்றுகொண்டே தின்றேன். என் புருஷன் செத்ததைவிட அந்தப் பருப்புதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. யாருக்கும் அப்படி ஒரு சாப்பாடு வரக் கூடாது மித்ரி.

நீ எழுதிய மூன்று கடிதத்தையும் தினம் எடுத்துப் படித்தேன். முதலில் அவளை வெறுக்கப் படித்தேன். எழுந்து நின்றுவிடுவேன் என்று சொன்னாளாமே. ஐந்து மாதம் அவளை நிற்க வைத்துவிட்டேன். உட்காரச் சொல்.

அந்த வீட்டுக்கு நான் திரும்பப் போவதில்லை. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது, சொல்வது வலிக்கத்தான் செய்கிறது. அதில் நீயாவது இரு. போய்க் கேள். ஆனால் ஒன்று, அலமாரி என்னுடையது. அவளுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை, உங்கள் ரப்பியுடையதும் இல்லை. அதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடு.

உன் அக்கா,
வர்தா

~

ஹைஃபா
28 மார்ச் 1962

என் அக்காவுக்கு,

அத்தானுக்காகக் கோவிலில் விளக்கேற்றினேன். பாதிரியார் இரண்டரை வருடம் தாமதம் என்றார், தபால் மெதுவாக வருகிறது என்றேன். பிறகு கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். இனி என்னிடம் எதையும் மறைக்காதே, நானும் மறைக்க மாட்டேன்.

உன் கடிதத்தை அப்படியே மார்செலுக்கு வாசித்துக் காட்டினேன். பருப்பு வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, அதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அலமாரி உன்னுடையது என்றதும், "சரியாத்தான் சொல்றாங்க," என்றாள்.

பிறகு கேட்டேன். எப்படிக் கேட்பது என்று படியேறும்போதே தயார் செய்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. "பீர்ஷெபா போகாதீங்க," என்று மட்டும்தான் வந்தது.

"பதினோரு மாசமா ரவைக்கு வெயில் காட்டினீங்களே, அதுல ஒரு பூச்சிகூட வரலைன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கும் தெரியும். இதைக் கேக்க இவ்வளவு நாளா?"

மகனிடம் சொல்லப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். நீ இதைச் செய்தால் என் அம்மா செத்துவிட்டாள் என்று ஏழு நாள் துக்கம் காத்துத் தரையில் உட்காருவேன் என்றானாம். வேறு மதத்தில் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் அப்படி உட்கார்வது உண்டு. மெனாஷே தலையை ஆட்டினார். "பிள்ளைக்கு உக்காந்தவங்களைப் பாத்திருக்கேன். அம்மாவுக்கு உக்காந்தவனைப் பாத்ததில்ல. எந்தப் புத்தகத்துலயும் இல்ல." இருந்தாலும் அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மேலே நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கீழே நான் படுத்திருந்தேன். அந்த மூன்று நாளில் நான் நினைத்ததை எழுத வேண்டாம்.

நான்காம் நாள் படியிறங்கி வந்தாள். "அவன் காலையில ஏழு மணிக்குப் போனா ராத்திரிதான் வருவான். வந்தா ரேடியோதான் பேசும். நான் அங்க போனாலும் தனியாத்தான் இருக்கணும், இங்க இருந்தாலும் அவனுக்குச் செத்தவ. சைப்ரஸுக்குக் கப்பல் எப்ப?"

இங்கே மதம் வேறான எங்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியாரும் இல்லை, ரப்பியும் இல்லை. சைப்ரஸில் நகராட்சிக் குமாஸ்தா போதுமாம். உயிர்ப்புப் பெருநாள் முடிந்து மே பத்தாம் தேதிக் கப்பலில் போகிறோம். அவள் கண்ணாடி போட்டுக்கொள்ளவும் சம்மதித்துவிட்டாள். நானே தேய்த்தேன்.

எங்களை ஆசீர்வதி.

மித்ரி

~

ஹைஃபா
4 ஜூன் 1962

மதிப்புக்குரிய வர்தா அக்காவுக்கு,

மார்செல் வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் உடம்பும் முழங்காலும் எப்படி இருக்கின்றன? உங்கள் தம்பி நலம். எழுதுகிறேன், எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உங்கள் வீட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு உங்களுக்கு ஒரு வரி எழுதாதது தப்பு.

கல்யாணம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. குமாஸ்தா சாப்பிடப் போகிற அவசரத்தில் இருந்தார். சாட்சிக்கு வாசலில் நின்ற இரண்டு டாக்ஸிக்காரர்களைக் கூப்பிட்டோம். உங்கள் தம்பி கையெழுத்துப் போடுமுன் தாளை மூன்று தடவை படித்தார். "இதுல திருப்பித் தர்றது எதுவும் இல்லையே?" என்று என்னைக் கேட்டார்.

திரும்பி வந்ததும் சேதி சொல்ல மெனாஷே துறைமுகத்திலேயே நின்றிருந்தார். ஹெஸ்கல் சொன்னபடியே செய்துவிட்டான். நாங்கள் கரையிறங்கும் நாளைக் கணக்கு வைத்து அன்று காலை சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். பக்கத்து வீடுகளைத் தட்டியிருக்கிறான். யார் இறந்தது என்று கேட்டார்களாம். அம்மா என்றான். எப்போது என்று கேட்டார்களாம். கல்யாணம் செய்துகொண்டாள் என்றான். ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மெனாஷே மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"தனியா உக்காந்திருக்கான் மார்செல். யாரும் ஒண்ணும் கொண்டுவரல. ரொட்டியும் தக்காளியும் அவனே நறுக்கித் தின்னுகிட்டிருக்கான்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு உட்கார்ந்தால் அப்படித்தான் என்று சொன்னேன். ஆனால் அன்று என்னால் எதுவும் தைக்க முடியவில்லை. நீங்கள் நின்றுகொண்டு தின்ற பருப்பு எனக்குள்ளும் இருந்தது அக்கா. எங்கள் வழக்கத்திலும் துக்கத்தில் இருப்பவன் முதல் சாப்பாட்டைத் தன் கையால் சமைத்துச் சாப்பிடக் கூடாது. அண்டை அயலார்தான் கொண்டுவர வேண்டும், உருண்டையானதாக, பருப்பும் முட்டையும். அவனுக்கு அண்டை அயலில் யார் இருக்கிறார்கள்?

நாலாம் நாள் விடிகாலையில் பருப்பு வேகவைத்தேன். ஆறு முட்டை. உங்கள் தம்பி தூக்குப்பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மூன்று மணி நேரம் வந்தார். குடியிருப்புக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்," என்றார்.

துக்க வீட்டுக் கதவைச் சாத்த மாட்டார்கள். திறந்திருந்தது. நாற்காலிகளை யாருக்காகவோ வரிசையாகப் போட்டிருந்தான், ஒன்றிலும் ஆள் இல்லை. முகம் மழிக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அப்பாவுக்காக உட்கார்ந்தபோது அவனுக்கு எட்டு வயது. அன்றைக்கு அவன் பக்கத்தில் நான் இருந்தேன்.

"இங்க வரக் கூடாது," என்றான்.

"ஏன்?"

"நீ செத்துட்ட."

"தெரியும். செத்தவ வீட்டுக்கு யாரும் சாப்பாடு கொண்டுவரலையாம். அதான் வந்தேன்."

நானும் தரையில் உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் இறந்தவரைப் பற்றித்தான் பேச வேண்டும். தூக்குப்பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்தேன். பிறகு கேட்டேன்.

"அம்மா எப்படிப்பட்டவங்க?"

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிடிவாதக்காரி."

"உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிழிந்த சட்டைக்குள் தோள் குலுங்கியது. தொடலாமா என்று தெரியவில்லை, தொடாமல் இருந்தேன். தூக்கைத் திறந்து, முட்டையை உரித்து, பருப்பை ஒரு தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். அவன் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தட்டை இழுத்துக்கொண்டான். நான்கு கவளம் சாப்பிட்டான்.

"உப்பு கம்மி," என்றான்.

நான் எழுந்து அவன் சமையலறைக்குள் போய் உப்பைத் தேடினேன்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
மார்செல்